‘அடோலசன்ஸ்’ தொடரும் ‘இன்செல்’ என்ற முத்திரையும்

நெட்ஃபிளிக்ஸில் 2025 மார்ச் 13 அன்று வெளியான ‘அடோலசன்ஸ்’ தொடரின் நடிப்பைப் பற்றியும், அதன் ஒவ்வொரு பகுதியும் இடையில் ஒரு வெட்டுக்கூட இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுக்கப்பட்டிருப்பதைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பாராட்டுகள் எல்லாம் தகும். ஆனால் நான்கு பகுதிகளையும் பார்த்து முடித்தபோது என் மனத்தில் தங்கியது, கதையின் நடுவே ஒரு சிறுவன் மீது, துணை கிடைக்காதவன் என்ற பொருளில் குத்தப்படும் ‘இன்செல்’ என்ற முத்திரைதான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் நான். அந்த முத்திரை எங்கே பிறந்தது, முதலில் யாரைக் குறித்தது, பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசும் வசையாக எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இந்தத் தொடர் இன்னும் ஆழமாகப் புரியும் என்று நம்புகிறேன். தொடர் அந்த வரலாற்றைத் தொடவே இல்லை. அதன் பெரிய குறை அதுதான் என்பது என் கருத்து.

கதை இங்கிலாந்தின் வடபகுதியில் நடக்கிறது. விடியற்காலையில் ஆயுதம் தாங்கிய போலீஸார் ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்து, பதின்மூன்று வயது ஜேமி மில்லரைக் கைது செய்கிறார்கள். தன் பள்ளியில் படித்த கேட்டி என்ற பெண்ணைக் குத்திக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. முதல் பகுதியின் முடிவிலேயே கண்காணிப்புக் கேமராவின் பதிவு காட்டப்பட்டுவிடுவதால், யார் செய்தது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. ஏன் செய்தான் என்பதுதான் மீதி மூன்று பகுதிகளையும் நடத்திச் செல்கிறது. ஜாக் தோர்னும், ஜேமியின் தந்தையாக நடித்திருக்கும் ஸ்டீபன் கிரேயமும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஃபிலிப் பரன்டீனி இயக்கியிருக்கிறார். இது குறிப்பிட்ட ஓர் உண்மை வழக்கைத் தழுவியதன்று. சிறுவர்கள் சிறுமிகளைக் கத்தியால் குத்திய செய்திகளைப் படித்துக் கலங்கிய கிரேயமின் மனத்தில் உருவான கற்பனைக் கதை.

முத்திரை வெளிப்படும் இடம் இரண்டாம் பகுதி. விசாரணை அதிகாரி பாஸ்கோம்ப், ஜேமியின் இன்ஸ்டாகிராம் படங்களுக்குக் கீழே கேட்டி எமோஜிகள் போட்டிருந்ததைப் பார்த்து, இருவரும் நண்பர்களாக இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறார். அதே பள்ளியில்தான் அவருடைய மகன் ஆடமும் படிக்கிறான். அப்பாவின் விசாரணை தடம் தவறிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் அவரைத் தனியே ஓர் அறைக்கு அழைத்துச் சென்று, நீங்கள் இவர்களைப் படிக்கவே இல்லை என்ற பொருள்படத் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்குகிறான். சிவப்பு மாத்திரை என்றால் ‘உண்மையைக் கண்டுகொண்டவன்’. வெடிமருந்துக் குச்சி என்றால் வெடிக்கும் சிவப்பு மாத்திரை, அதாவது இன்செல். நூறு என்ற எண், எண்பது சதவீதப் பெண்கள் இருபது சதவீத ஆண்களை மட்டுமே விரும்புகிறார்கள் என்ற ‘விதி’யைக் குறிக்கிறது. கேட்டி ஜேமிக்கு எழுதியது நட்பு அல்ல, பலர் பார்க்கும் இடத்தில் வைத்துச் செய்த கேலி என்பது அந்த நிமிடத்தில்தான் தந்தைக்கு விளங்குகிறது. பாஸ்கோம்பாக நடித்திருக்கும் ஆஷ்லி வால்டர்ஸ் அந்தக் காட்சியில் அதிகம் பேசுவதில்லை. மகன் சொல்லும் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு, தான் இதுவரை நின்றிருந்த இடம் தவறு என்று உணரும் ஒரு தகப்பனாக அவர் முகம் மாறுவதை மட்டும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

தொடரின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். அதே நேரத்தில், பதின்மூன்று வயதுப் பையனுக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்ற எளிய கேள்வி எந்தப் பெரியவருக்கும் இங்கே எழும். ‘இன்செல்’ என்பது விருப்பம் இருந்தும் துணை அமையாமல், பாலுறவு இன்றித் தனித்து வாழ நேர்ந்தவரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். எட்டாம் வகுப்பு வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு ஏன் அது வசையாகச் சுடுகிறது? அந்தச் சொல் இப்போது ஒரு நிலைமையைக் குறிப்பதில்லை. ‘நீ என்றைக்குமே விரும்பப்படாதவன்’ என்ற தீர்ப்பைக் குறிக்கிறது. நிலைமை தீர்ப்பாக மாறியதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதை கனடாவில் தொடங்குகிறது.

ஒட்டாவா நகரத்தின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அலனா என்ற பெண். தன் குடும்பப் பெயரை அவர் பொதுவெளியில் சொல்வதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர். இருபதுகளின் நடுப்பகுதி வரை காதல் உறவு எதுவும் வாய்க்காமல் இருந்தவர். பிறகு ஓர் உறவு அமைந்து, தன்னைப் போலத் தவித்தவர்கள் வேறு எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்து, 1997இல் ஓர் எளிய இணையதளத்தைத் தொடங்கினார். ‘விரும்பாமல் வாய்த்த பிரம்மசரியம் பற்றிய அலனாவின் திட்டம்’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். அதனுடன் ஒரு மின்னஞ்சல் குழுவும் இயங்கியது. முதலில் அவர் பயன்படுத்திய சுருக்கம் ‘இன்வ்செல்’. அது வாயில் நுழையவில்லை, ‘இன்செல்’ என்றால் சொல்ல எளிதாக இருக்கும் என்று குழுவில் ஒருவர் கூற, அதுவே நிலைத்தது. 

அந்தக் குழுவில் ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கும் இடம் இருந்தது. கூச்சம், மனநலப் பிரச்சினை, பழகத் தெரியாத தடுமாற்றம், ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று சமூகம் போட்டுவைத்த கட்டங்களுக்குள் அடங்காதது என்று காரணம் எதுவாக இருந்தாலும், காதலும் துணையும் கிடைக்காத தனிமையைப் பற்றி வெட்கப்படாமல் பேசலாம் என்பதுதான் அதன் நோக்கம். கோபமும் அறியாமையும் அங்கேயும் தலைகாட்டின என்று அலனாவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மொத்தத்தில் அது ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்த இடம். ‘இன்செல்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்வது அங்கே ஒரு சபதமோ சாபமோ அல்ல. இன்றைக்கு என் நிலைமை இது, நாளைக்கு மாறலாம், மாற வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதுதான் அதன் பொருள். அலனாவுக்கே அது மாறியது. ஏறத்தாழ 2000ஆம் ஆண்டில், இனித் தனக்கு இந்தத் தளம் தேவையில்லை என்ற நிலையில், முன்பின் பழகாத ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிட்டு அவர் தன் வாழ்க்கையைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்தச் சொல்லுக்குக் கல்வித்துறையிலும் ஒரு தொடக்கம் உண்டு. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் டெனிஸ் டோனலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001இல் 82 பேரிடம் தகவல் திரட்டி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 60 பேர் ஆண்கள், 22 பேர் பெண்கள். ஒருபோதும் உறவு கொண்டிராதவர்கள், முன்பு உறவு இருந்து இப்போது தனித்திருப்பவர்கள், திருமணமோ துணையோ இருந்தும் நெருக்கம் இல்லாதவர்கள் என்று மூன்று வகையாக அவர்களை அந்த ஆய்வு பிரித்தது. இந்த மூன்றாம் வகையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் பேச்சற்று வாழும் நிலையையும் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சொல் அன்று அகலமாக இருந்தது. இன்று இந்தச் சொல்லைச் சொன்னதும் மனத்தில் வரும் உருவம் ஒரு கோபக்கார இளைஞன் மட்டுமே.

அகலமாக இருந்தது எப்படிக் குறுகியது? அலனா விலகிய பிறகு இதே சொல்லைச் சுமந்துகொண்டு பல குழுக்கள் முளைத்தன. சிலவற்றில் பேச்சை நெறிப்படுத்தியவர்கள் பெண்களை இழிவுபடுத்தும் பதிவுகளை நீக்கினார்கள். வேறு சில இடங்களில் யாரும் எதையும் தடுக்கவில்லை. தடுக்கப்படாத இடத்தில் நம்பிக்கையோடு பேசியவர்கள் மெல்ல மெல்லக் கிளம்பிப் போக, போகாமல் தங்கியவர்களின் கசப்பே அந்த இடத்தின் பொது மொழியாக ஆனது. துணை கிடைத்தவர் இயல்பாகவே குழுவை விட்டு விலகிவிடுவார் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறுதல் பெற்றுத் தேறியவர்களின் குரல் எஞ்சாமல், தேறாதவர்களின் குரல் மட்டுமே சேர்ந்துகொண்டே போகும் அமைப்பு அது. அங்கே ஒரு புதிய பையன் வந்து சேர்ந்தால், இதிலிருந்து வெளியே வந்தவர் ஒருவரைக்கூட அவன் சந்திக்க மாட்டான்.

சொற்களும் அங்கேதான் பெருகின. 1999இல் வந்த ஓர் ஆங்கில அறிவியல் புனைகதைப் படத்தில் சிவப்பு மாத்திரையை விழுங்கினால் உண்மை உலகம் தெரியும் என்று ஒரு காட்சி வரும். பெண்களைப் பற்றிய ‘மறைக்கப்பட்ட உண்மை’யை அறிந்தவன் என்று பெருமை கொள்ளும் ஆண்கள் அந்த உருவகத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்தபடி கறுப்பு மாத்திரை. முகவெட்டும் தாடையெலும்பும் உயரமும் பிறவியிலேயே தீர்மானமாகிவிட்டதால் இனி எந்த முயற்சியும் பயன் தராது என்ற முழு விரக்திக்கு அந்தப் பெயர். பெண்கள் எல்லாரும் விரும்பும் அழகன் ‘சாட்’, அவனுக்கு இணையான அழகி ‘ஸ்டேசி’ என்று மனிதர்களை அடுக்கிவைக்கும் படிநிலை ஒன்றும் உருவானது. ஒரு பெண் தன் தனிமையைப் பேசுவதற்காக உருவாக்கிய சொல்லின் பெயரால் இயங்கும் இன்றைய பெரிய மன்றத்தில் பெண்கள் உறுப்பினராகவே முடியாது. தனிமையில் வாடும் பெண்கள் தங்களுக்கென்று ‘ஃபெம்செல்’ என்று வேறொரு பெயரை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஒன்றை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

பிறகு ரத்தம். 2014 மே 23 அன்று கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் 22 வயது இளைஞன் ஒருவன் ஆறு பேரைக் கொன்று, பதினான்கு பேரைக் காயப்படுத்தித் தானும் இறந்தான். தன்னை ஏறெடுத்தும் பார்க்காத பெண்களைப் பழிவாங்குவதாக அவன் காணொளியும் நீண்ட அறிக்கையும் விட்டுச் சென்றிருந்தான். தான் விட்டுவந்த சொல் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை அந்தக் கொலைகளைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துத்தான் அலனா தெரிந்துகொண்டார். கண்டுபிடித்த பொருள் போர்க்கருவியாகிவிட்டதைப் பார்க்கும் விஞ்ஞானியின் நிலையோடு தன் நிலையை அவர் ஒப்பிட்டிருக்கிறார். 2017 நவம்பரில் ரெடிட் தளம், நாற்பதாயிரம் பேர் வரை உறுப்பினராக இருந்த இன்செல் குழுவைத் தடை செய்தது. 2018 ஏப்ரல் 23 அன்று டொராண்டோவின் யங் தெருவில் ஒருவன் வேனை நடைபாதையில் ஏற்றிப் பத்துப் பேரைக் கொன்றான். அவர்களில் எட்டுப் பேர் பெண்கள். அன்று படுகாயமடைந்த இன்னொரு பெண் 2021இல் இறந்தார். ‘இன்செல் கிளர்ச்சி தொடங்கிவிட்டது’ என்று அவன் ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டு வந்திருந்தான். அந்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லுக்கான இறுதிப் பட்டியலில் ‘இன்செல்’லையும் சேர்த்தார்கள்.

டொராண்டோ வழக்கில் 2021 மார்ச் மாதம் தீர்ப்பளித்த நீதிபதி ஆன் மலாய், கொலையாளிக்குப் புகழ் தேடித் தரக் கூடாது என்பதற்காகத் தீர்ப்பில் அவன் பெயரையே குறிப்பிடாமல், பெயர் சொல்லப்படாத ஒருவரைக் குறிக்கும் ‘ஜான் டோ’ என்ற பொதுப்பெயரை எழுதினார். அதைவிட முக்கியமாக, அவன் போலீஸாரிடம் சொன்ன இன்செல் கதையை அவர் முழுதாக நம்பவில்லை; பெயர் பரவ வேண்டும் என்பதற்காகவே அவன் அந்த இயக்கத்தின் தோளில் ஏறிக்கொண்டான் என்ற முடிவுக்கு வந்தார். முத்திரை இப்போது எவ்வளவு தூரம் பயணப்பட்டுவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. தன் துயரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று ஒரு பெண் உருவாக்கிய சொல், தன் கொடுமைக்கு ஒரு விளம்பரம் வேண்டும் என்று ஓர் ஆண் பூட்டிக்கொள்ளும் பட்டமாகிவிட்டது. பெயர் சொல்ல மறுத்த அந்த நீதிபதியின் வழியைப் பின்பற்றியே நானும் இங்கே கொலையாளிகள் எவருடைய பெயரையும் எழுதவில்லை.

இத்தனையும் ஜேமியின் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும்போது ஒரு வெடிமருந்துக் குச்சியின் படமாகச் சுருங்கியிருக்கிறது. அனுப்பும் பிள்ளைக்கும் வாங்கும் பிள்ளைக்கும் ஒட்டாவாவும் தெரியாது, டொராண்டோவும் தெரியாது. சுடும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். ‘அடோலசன்ஸ்’ இதை மிகத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. அறிக்கை எழுதும் தீவிரவாதியாக ஜேமியைக் காட்டாமல், பக்கத்து வீட்டுப் பையனாகக் காட்டியதில் இருக்கும் நேர்மை பெரியது.

ஆனால் அந்த எண்பது–இருபது ‘விதி’யைத் தொடர் கையாளும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆடம் அதை விளக்குகிறான்; அதிகாரி கேட்டுக்கொள்கிறார்; பிறகு மூன்றாம் பகுதியில் ஜேமியும் அதைப் பற்றிப் பேசுகிறான். ஆனால் அது பொய் என்று நான்கு பகுதிகளிலும் யாரும் நின்று சொல்வதில்லை. அந்த எண்களின் மூலம் இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலவுடைமையைப் பற்றிச் செய்த ஆய்வு. நாட்டின் நிலத்தில் பெரும்பங்கு சிலரிடம் குவிந்திருந்ததை அவர் கண்டார். அதற்கும் பெண்ணின் மனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த ‘விதி’யை நம்புகிறவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று, ஓகேகியுபிட் என்ற துணைதேடும் தளம் 2009இல் வெளியிட்ட புள்ளிவிவரம். படத்தைப் பார்த்து மதிப்பெண் போடச் சொன்னபோது பெண்கள் எண்பது சதவீத ஆண்களைச் சராசரிக்குக் கீழே வைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதே புள்ளிவிவரத்தின் மறுபாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அப்படிக் குறைந்த மதிப்பெண் போட்ட பெண்கள்தான், தாங்கள் சராசரிக்குக் கீழே வைத்த ஆண்களுக்கும் தயங்காமல் கடிதம் எழுதினார்கள். தாராளமாக மதிப்பெண் போட்ட ஆண்களோ, கடிதம் எழுதும்போது மிக அழகான பெண்களையே மொய்த்தார்கள். 

இதை ஒரு காட்சியில், யாராவது ஓர் ஆசிரியரின் வாயிலாக, இரண்டு வாக்கியங்களில் சொல்லியிருக்கலாம். ஓவியத்தில் நிற்கும் மரத்தைப் போல ஒரு பொய்க் கணக்கை அசையாமல் நிற்கவிட்டுவிட்டுப் போவது, பள்ளிகளில் காட்டப்படும் ஒரு தொடருக்கு நல்லதன்று. என் வகுப்புப் பையன்களின் பேச்சிலும் ஆண்களை ரகம் பிரிக்கும் ‘ஆல்ஃபா’, ‘சிக்மா’ என்ற சொற்கள் வந்துவிட்டன. அவர்களிடம் ‘இது தவறு’ என்று மட்டும் சொன்னால் காது கொடுக்க மாட்டார்கள். எண் எங்கே பிறந்தது, பாதியை மறைத்தது யார் என்று காட்டினால் கேட்கிறார்கள்.

இதய எமோஜிகளின் நிறங்களுக்கு ஆடம் சொல்லும் பொருள்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பெற்றோர் பலர் அதை ஒரு சங்கேதப் பட்டியலாகக் குறித்துவைத்துக்கொண்டு பிள்ளைகளின் போனைத் துழாவத் தொடங்கினால் ஏமாந்து போவார்கள். ஒரு வகுப்பின் வழக்கு பக்கத்து வகுப்பில் செல்லாது. அடுத்த ஆண்டு அதே வகுப்பிலும் செல்லாது. அந்தக் காட்சியின் உயிர் பட்டியலில் இல்லை, மகன் அப்பாவுக்கு உதவ முன்வந்ததில் இருக்கிறது.

மூன்றாம் பகுதி தொடரின் உச்சம். ஏழு மாதங்களுக்குப் பிறகு, சிறார் தடுப்புக்காவல் மையத்தின் ஓர் அறையில் ஜேமியும் உளவியலாளர் பிரையனியும் எதிரெதிரே அமர்ந்து பேசுவது மட்டுமே அந்தப் பகுதி முழுவதும். அவனுக்காக அவர் மார்ஷ்மெல்லோ போட்ட சூடான சாக்லேட் பானமும், தன் சாண்ட்விச்சில் பாதியும் கொண்டுவருகிறார். பேச்சு ஆண்மை என்றால் என்ன, அப்பா எப்படிப்பட்டவர், உன்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று வட்டமிட்டு நெருங்குகிறது. கேட்டியின் அரைநிர்வாணப் படம் ஒன்று பள்ளி முழுவதும் ஸ்னாப்சாட்டில் சுற்றிய நேரத்தில், எல்லாராலும் கேலி செய்யப்பட்டு அவள் தளர்ந்திருப்பாள், இப்போது கேட்டால் ஒப்புக்கொள்வாள் என்று கணக்குப் போட்டுத் தன்னோடு பொருட்காட்சித் திடலுக்கு வருமாறு அழைத்ததை ஜேமி சொல்கிறான். அவள் மறுத்தாள். பிறகுதான் எமோஜிகள் வந்தன. அவமானப்பட்ட ஒரு பெண்ணின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பதின்மூன்று வயதில் அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்வி, முத்திரையைவிடப் பெரிய கேள்வியாக அங்கே எழுந்து நிற்கிறது.

ஜேமியாக நடித்திருக்கும் ஓவன் கூப்பர் அதற்கு முன் நடித்ததே இல்லை என்பதை நம்புவது கடினம். குழந்தைத்தனமான கிண்டலிலிருந்து, எழுந்து நின்று கத்தும் மிரட்டலுக்கு ஒரு மூச்சில் தாவி, அடுத்த நிமிடம் மன்னிப்புக் கேட்கும் பையனாக இறங்கிவருகிறார். நான் அழகாக இல்லை என்று அவன் சொல்லிவிட்டு, இல்லை, நீ அப்படியில்லை என்று பிரையனி மறுப்பார் என எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். தொழில்முறைக் கட்டுப்பாட்டால் அவர் மறுப்பதில்லை. கடைசியில், என்னை உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டபடியே அவன் இழுத்துச் செல்லப்படுகிறான். விரும்பப்பட வேண்டும் என்ற அந்தத் தவிப்புதான் 1997இல் அலனாவின் குழுவுக்கு மனிதர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அன்று வந்தவர்களுக்குப் பேச ஒருவர் கிடைத்தார். ஜேமிக்குக் கிடைத்தது, தன்னைப் போன்றவனுக்கு வழியே இல்லை என்று சொல்லும் திரை. கூப்பர் பதினைந்து வயதில் எம்மி விருது பெற்றார். பிரையனியாக நடித்த எரின் டோஹெர்ட்டிக்கும் கிடைத்தது. இருவருக்கும் தகும்.

ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தங்களை இன்செல் என்று சொல்லிக்கொள்ளும் 561 பேரிடம் கேட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். மனச்சோர்வும் தனிமையும் அவர்களிடம் மிக அதிகம். ஐந்தில் ஒருவருக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஒவ்வொரு நாளும் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. இதனால் அவர்கள் பெண்களைப் பற்றிப் பேசும் பேச்சு மன்னிக்கத்தக்கதாகிவிடாது. ஆனால் முத்திரையைக் கேலியாக எறிவதால் யாரும் அதிலிருந்து வெளியே வந்ததில்லை என்பதும் அந்த எண்ணிலிருந்து விளங்குகிறது.

கேட்டியைப் பற்றி ஒரு முறையீடு. கொன்றவனின் பெயரை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்று இரண்டாம் பகுதியில் பெண் அதிகாரி மிஷா ஃபிராங்க் வருந்துகிறார். அந்த வசனத்தை எழுதியவர்களே, அதைச் சரிசெய்யும் வாய்ப்பைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு பயன்படுத்தவில்லை. கேட்டியின் தாயையோ வீட்டையோ நாம் பார்ப்பதில்லை. தோழி ஜேட் ஆத்திரத்தில் வெடிக்கும் சில நிமிடங்கள் மட்டுமே அவளுக்காகத் துடிக்கின்றன. கேட்டி எமோஜி போட்டதை அறிந்த பார்வையாளர்களில் சிலர், ‘அவளும்தானே சீண்டினாள்’ என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஜேமியின் வாக்குமூலத்துக்கு எதிரே அவள் பக்கத்தையும் வைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கு இடம் குறைந்திருக்கும்.

முதல் பகுதியைப் பற்றியும் நான்காம் பகுதியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் பகுதியில் போலீஸ் நடைமுறை ஒவ்வொன்றையும் வெட்டில்லாமல் பின்தொடர்வதால், பெற்றோரின் திகைப்பு நமக்கும் மூச்சு முட்டுகிறது. நான்காம் பகுதியில் தந்தையின் ஐம்பதாவது பிறந்தநாள். அவருடைய வேனில் யாரோ சாயத்தால் வசையெழுதிவிட்டுப் போகிறார்கள். அதை அழிக்கப் பெயின்ட் வாங்கப் போன கடையில், ஜேமி பக்கம் தாம் நிற்பதாக ஒரு விற்பனை இளைஞன் ரகசியமாக வந்து சொல்கிறான். தந்தைக்கு வரும் அருவருப்பை ஸ்டீபன் கிரேயம் காட்டியிருப்பது அசாத்தியம். மகனுக்கு ஆதரவு என்று வந்து நிற்கும் அந்தக் குரல்தான் மகனைக் கெடுத்த குரல் என்பது அவருக்கு அந்த இடத்தில் உறைக்கிறது.

பிரிட்டனில் இடைநிலைப் பள்ளிகளில் இத்தொடரை இலவசமாகத் திரையிட நெட்ஃபிளிக்ஸ் முன்வந்தது, பிரதமர் கியர் ஸ்டார்மரும் அதை ஆதரித்தார். நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் காட்ட நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை இது. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தனியே பார்க்க விட வேண்டாம். கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு, மூன்றாம் பகுதியின் மிரட்டல் பெரியவர்களையே உலுக்கும். நான்கையும் ஒரே மூச்சில் ஓட்டாமல் இரண்டாம் பகுதியோடு நிறுத்துங்கள். எண்பது–இருபது கணக்கின் மறுபாதியையும் அலனாவின் கதையையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வகுப்பில் யார் யாரை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று அவர்களையே பேச விடுங்கள். ஆடம் செய்ததை உங்கள் பிள்ளைகளும் செய்வார்கள். அதன்பின் மூன்றாம் பகுதியைப் போடுங்கள். வட இங்கிலாந்தின் உச்சரிப்பு வேகமானது, ஆகவே வசன வரிகளை இயக்கிவைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.